ஐம்பது வண்டி

போன தீபாவளிக்கு ஊருக்குப் போக, சென்னை விமான நிலையத்தில் இறங்கி ஒரு காரை வாடகைக்கு எடுத்தேன். போனில் நாலு தட்டு, லைசென்ஸின் படம், முன்பணம், அவ்வளவுதான். சாவி கைக்கு வந்துவிட்டது. நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். டாக்சியின் பலகையை அப்படியே திருப்பிப்போட்ட மாதிரி. டிரைவர் இல்லாமல் வாடகைக்கு விடுகிற வண்டி என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆம்பூர் வரை சுமார் 180 கிலோமீட்டர். இதே சாலையில்தான் அப்பா பல வருஷம் அம்பாசிடர் ஓட்டினார்.

தோல் வியாபாரத்துக்கு ஒரு காலத்தில் விமானமே தேவைப்படவில்லை. அரைகுறையாகப் பதனிட்ட தோல், ரயிலேறி சென்னை பெரியமேட்டுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறும். 1970களில் அரசாங்கம் அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலாகவும் ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. தோலைக் கடிதம் எழுதி விற்கலாம். ஷூவை அப்படி விற்க முடியாது. வாங்குபவன் நேரில் வந்து தையலைப் பார்க்கணும், அச்சைப் பார்க்கணும், பேரம் பேசணும். ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஐரோப்பிய விமானங்கள் மீனம்பாக்கத்தில் இறங்குவது பெரும்பாலும் நடுராத்திரியில். பெயர் எழுதிய அட்டையோடு அப்பா நிற்பார். அவருக்கு இங்கிலீஷ் வராது. அட்டையில் இருந்த எழுத்துகளைப் படம் மாதிரி மனப்பாடம் செய்துகொள்வார்.

விமான நிலையத்திலேயே கார் வாடகைக்குத் தரும் தொழிலைத் தொடங்கியவர் என்று அமெரிக்காவின் வாரன் ஏவிஸைச் சொல்வார்கள். போரில் விமானப்படையில் இருந்தவர். 1946இல் டெட்ராய்ட் பக்கத்து வில்லோ ரன் விமான நிலையத்தில் தொடங்கினார். கையிலிருந்தது மூன்று கார்.

இந்தியாவில் 1989இல் ‘ரென்ட் எ கேப்’ திட்டம் என்று ஒரு விதி வந்தது. டிரைவர் இல்லாமல் காரை வாடகைக்கு விட உரிமம் வேண்டுமென்றால் குறைந்தது 50 வண்டி வைத்திருக்க வேண்டும். ஏவிஸே இங்கே பிறந்திருந்தால் இன்னும் 47 வண்டி வாங்கிவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கான விதி என்று சொல்லலாம், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் சின்ன ஊர்க்காரனுக்குக் கதவு அங்கேயே சாத்தப்பட்டது. வேலூர், ஆம்பூர் பக்கம் டிராவல்ஸ்காரர் என்றால் இரண்டு வண்டி, மிஞ்சிப்போனால் ஐந்து. அதனால் இங்கே வாடகைக் கார் என்றாலே கூடவே ஒரு டிரைவர். சி.எம்.சி.க்கு வரும் வங்காளத்து நோயாளிக்கும் அதே டிரைவர்தான், ஷூ வாங்க வந்த வெள்ளைக்காரனுக்கும் அதே டிரைவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு ஜெர்மன்காரர், "உங்கள் ஊரில் காரை மட்டும் தரமாட்டார்களா?" என்று சைகையில் கேட்டிருக்கிறார். அப்போது அப்பாவிடம் சொந்தமாக இரண்டு வண்டி. விசாரிக்கப் போனவர் சாயங்காலம் திரும்பிவந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "அம்பது வண்டி வேணுமாம்டி" என்றார் அம்மாவிடம். அப்புறம் அவரே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐம்பது அம்பாசிடர்கள் எங்கள் தெருவில் எப்படி நிற்கும் என்றுதான் யோசித்தேன்.

வேலூரைத் தாண்டினால் அப்துல்லாபுரம். வெள்ளைக்காரர் காலத்து ஓடுபாதை ஒன்று அங்கே இருக்கிறது. 2016இல் உடான் திட்டம் வந்தபின் வேலூரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பாதையைச் சீரமைத்தார்கள், கட்டடமும் கட்டினார்கள். அப்பா ஓட்டிய காலத்தில் அங்கே எந்தப் பயணியும் வந்து இறங்கியதில்லை. இறங்கியிருந்தால் அவருக்கு மீனம்பாக்கம் சவாரியே இருந்திருக்காது. நான் கல்லூரியில் கட்டிய ஃபீஸ் அந்தச் சவாரிகளில் வந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், விமானம் வரணுமா வேண்டாமா என்று எனக்குள் ஒரு குழப்பம்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். கறுப்புப் பலகையின் முன்னால் கொஞ்சம் நின்றார்.

"இவன் எத்தன வண்டி வெச்சிருக்கான்?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்ப்பா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினார்.