பார்க்கின்சன் நோயில் உடலில் அணியும் உணரிகள்

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் கண்டவர்களின் அசைவை, அன்றாட வாழ்க்கையின் போக்கிலேயே பதிவுசெய்யும் சிறு மின்னணுக் கருவிகள் அணி உணரிகள் ஆகும். மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு, விரல் போன்ற இடங்களில் இவற்றை அணிவார்கள். நடுக்கம், அசைவு மந்தம், நடை உறைதல், மருந்தால் வரும் கட்டுக்கடங்காத அசைவுகள் ஆகியவற்றை இவை எண்களாக மாற்றித் தருகின்றன. மருந்தின் அளவையும் வேளையையும் திருத்தவும், புதிய மருந்துகளைச் சோதிக்கவும் இவை பயன்படுகின்றன.

தொடக்ககாலப் பதிவுகள்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை முதன்முதலாக முறைப்படி விவரித்தார். அவர் எடுத்துக்காட்டியவர்கள் ஆறு பேர். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்த அளவிலேயே அவர் அறிந்திருந்தார். கூனிய உடல், ஓய்வில் இருக்கும் கையின் நடுக்கம், வேகமெடுக்கும் குறுநடை எனப் பார்வையால் பிடிபடும் அடையாளங்களே அன்று நோயை அறியும் வழி.

பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்த்தேன் ஷார்க்கோ, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அசைவைக் கருவியால் பதிவுசெய்யத் தொடங்கினார். நாடித் துடிப்பைக் கோடாக வரையும் கருவியைச் சற்றே மாற்றி, மணிக்கட்டின் நடுக்கத்தை வரையச் செய்தார். ஓய்வில் தோன்றும் நடுக்கமும், ஒரு பொருளை எடுக்கக் கை நீளும்போது தோன்றும் நடுக்கமும் வெவ்வேறானவை என்பதை இப்பதிவுகள் காட்டின. பார்க்கின்சன் நோயை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலிருந்து பிரித்தறிய இந்த வேறுபாடு உதவியது. நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை நிலைநிறுத்தியவரும் ஷார்க்கோதான்.

லெவோடோபாவும் கண்காணிப்பின் தேவையும்

மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்கள் அழிவதே அசைவுக் குறைபாடுகளுக்கு அடிப்படை. நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை வியன்னாவில் ஹெர்பர்ட் ஏரிங்கரும் ஓலே ஹோர்னிகீவிச்சும் 1960-இல் வெளியிட்டார்கள். இக்குறையை ஈடுசெய்யும் லெவோடோபா என்னும் மருந்தை வாய்வழியே உயர்ந்த அளவில் கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கும் என்பதை ஜார்ஜ் கோட்சியாஸ் 1967-இல் நிறுவினார்.

மருந்து கொண்டுவந்த விடுதலையோடு ஒரு புதிய சிக்கலும் வந்தது. சில ஆண்டுகள் மருந்து எடுத்தபின், ஒரு வேளை மருந்தின் பலன் அடுத்த வேளை வரை நீடிக்காமல் போகிறது. மருந்து வேலைசெய்யும் ‘ஆன்’ நேரமும், உடல் இறுகி மந்தமாகும் ‘ஆஃப்’ நேரமும் ஒரே நாளில் மாறி மாறி வருகின்றன. மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடல் நெளிந்தாடும் டிஸ்கினீசியாவும் தோன்றுகிறது. காலை பத்து மணிக்கு மருத்துவர் முன்னால் நன்றாக நடப்பவர், மாலையில் நாற்காலியை விட்டு எழ முடியாதவராக இருக்கலாம். மருத்துவமனையில் கழியும் சில நிமிடங்கள் அவருடைய நாள் முழுவதையும் சொல்லிவிடாது. தொடர் பதிவுக்கான தேவை இங்கிருந்தே பிறந்தது.

மதிப்பெண்களும் நாட்குறிப்பும்

மார்கரெட் ஹோனும் மெல்வின் யாரும் 1967-இல் நோயை ஐந்து நிலைகளாக வகுத்தார்கள். 1980-களில் உருவான ஒருங்கிணைந்த மதிப்பீட்டு அளவையில், மருத்துவர் ஒவ்வோர் அறிகுறிக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார். அதன் திருத்திய வடிவம் 2008-இல் வந்தது. ‘ஆன்’, ‘ஆஃப்’ மாற்றங்களை அறிய, ராபர்ட் ஹவுசரும் உடன் ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் ஒரு நாட்குறிப்பை அறிமுகப்படுத்தினார்கள். நோயாளி தம் நிலையை ஒவ்வொரு அரைமணி நேரத்துக்கும் அதில் குறிக்க வேண்டும். மருந்துச் சோதனைகளில் இம்முறை பரவியது. ஆனால் கை நடுங்குபவர் உடனுக்குடன் எழுதுவது கடினம். பலர் மாலையில் நினைவைக் கொண்டே நிரப்புவார்கள்.

முடுக்கமானி

இன்றைய உணரிகளின் மையம் முடுக்கமானி. கார்களின் காற்றுப்பையை விரியச்செய்வதற்காக, 1990-களின் தொடக்கத்தில் சிலிக்கான் சில்லில் அடங்கும் முடுக்கமானிகள் சந்தைக்கு வந்தன. சில்லுக்குள் நுண்ணிய வில்கள் தாங்கும் ஒரு சிறு நிறை இருக்கும். கை அசையும்போது அந்நிறை இடம்பெயர, பக்கத்துத் தகடுகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றமே முடுக்கத்தின் அளவு. சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்பையும் பெரும்பாலும் இதனுடன் சேர்க்கிறார்கள்.

இப்படிக் கிடைக்கும் அலைவடிவத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால் அறிகுறிகள் தனித்தனியே தெரியும். பார்க்கின்சன் நோயின் ஓய்வுநிலை நடுக்கம் பெரும்பாலும் விநாடிக்கு 4 முதல் 6 முறை வருவது. அசைவு மந்தமோ வேறு வகையில் வெளிப்படும்: அசைவுகளின் முடுக்கம் தணிந்தும், ஓர் அசைவுக்கும் அடுத்ததற்கும் இடையிலான அமைதி நீண்டும் இருக்கும்.

மருத்துவக் கருவிகள்

மெல்போர்னின் மால்கம் ஹோர்னும் ராபர்ட் கிரிஃபித்சும் உருவாக்கிய ‘பார்க்கின்சன்ஸ் கினெட்டிகிராஃப்’ இத்துறையில் பெரிதும் ஆராயப்பட்ட கருவிகளுள் ஒன்று. இதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2012-இல் வெளிவந்தது. நோய் கூடுதலாகத் தாக்கிய பக்கத்து மணிக்கட்டில் இதைச் சில நாட்கள் தொடர்ந்து அணிவார்கள். மருந்து வேளை வந்ததும் கருவி அதிரும். மருந்தை விழுங்கியதும் அணிந்தவர் அதைத் தொட்டுக் குறிப்பார். ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் அசைவு மந்தத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் டிஸ்கினீசியாவுக்கு ஒரு மதிப்பெண்ணும் கணக்கிடப்படும். மருந்து வேளைகள் குறிக்கப்பட்ட வரைபடத்தில் இவ்விரு கோடுகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, எந்த வேளை மருந்து எப்போது தேய்கிறது என்பதை மருத்துவர் அறியலாம்.

அமெரிக்காவின் கினீசியா என்னும் கருவி விரலில் அணியும் உணரியோடு தொடங்கி, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அணியும் வடிவத்துக்கு வளர்ந்தது. கிரேக்கத்தின் பிடி மானிட்டர் ஐந்து உணரிகளைக் கொண்டது. ஸ்பெயினின் ஸ்டாட்-ஆன் இடுப்பில் அணிவது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2023-இல் இவ்வகைக் கருவிகள் ஐந்தை, மேலும் தரவு திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு பரிந்துரைத்தது.

நடை உறைதல்

நடந்துகொண்டிருப்பவரின் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவது நடை உறைதல். திரும்பும்போதும் வாசலைக் கடக்கும்போதும் இது மிகுதி. விழுந்து அடிபட முக்கியக் காரணமும் இதுவே. உறைந்த காலும் முற்றிலும் அசைவற்று இருப்பதில்லை. விநாடிக்கு 3 முதல் 8 முறை நுண்மையாக அதிர்கிறது. ஸ்டீவன் மூரும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் இவ்வதிர்வின் ஆற்றலை, வழக்கமான நடைக்குரிய, விநாடிக்கு 0.5 முதல் 3 முறை வரையான அதிர்வெண்ணின் ஆற்றலோடு ஒப்பிட்டு ‘உறைதல் குறியீட்டெண்’ணை வகுத்தார்கள். உறைதல் கண்டதும் தாள ஒலி எழுப்பி நடையைத் தொடரச்செய்யும் கருவிகளும் இதன் வழியில் சோதிக்கப்பட்டன.

கைபேசியும் கைக்கடிகாரமும்

சேஜ் பயோநெட்வொர்க்ஸ் என்னும் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘எம்பவர்’ ஆய்வு, கைபேசித் திரையில் விரல் தட்டல், குரல், நடை, நினைவாற்றல் ஆகியவற்றை ஆயிரக்கணக்கானோரிடமிருந்து திரட்டியது. ஆப்பிள் கைக்கடிகாரத்தைக் கொண்டு நடுக்கத்தையும் டிஸ்கினீசியாவையும் கண்காணிக்கும் செயலிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் அனுமதி தந்தது.

முன்கூட்டியே அறிதலிலும் நம்பிக்கை பிறந்துள்ளது. பிரிட்டனின் யூகே பயோபேங்க் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு வாரம் மணிக்கட்டில் அணிந்த முடுக்கமானிகளின் தரவைக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தனர். நோய் உறுதிசெய்யப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அசைவு குறையத் தொடங்குவதை அவர்கள் 2023-இல் வெளியிட்டனர்.

வரம்புகள்

பல் துலக்குவதும் காய் நறுக்குவதும் குலுங்கும் வண்டியில் போவதும் உணரிக்கு நோயின் அசைவாகத் தோன்றலாம். ஒரு மணிக்கட்டில் அணிந்த கருவி மறுபக்கத்து நடுக்கத்தை அறியாது. மனச்சோர்வு, மலச்சிக்கல், வலி போன்ற துன்பங்கள் முடுக்கமானிக்கு எட்டாதவை. நிறுவனங்கள் தம் கணக்கீட்டு முறையை முழுமையாக வெளியிடாதபோது ஒரு கருவியின் மதிப்பெண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடிவதில்லை. வீட்டுக்குள் ஒருவர் எழுவதும் உறங்குவதும் பதிவாவதால் தரவின் பாதுகாப்பும் கேள்வியாகிறது. அதனால் உணரியின் வரைபடம் மருத்துவரின் நேரடிச் சோதனைக்கும் நோயாளியின் சொல்லுக்கும் துணையாகவே கொள்ளப்படுகிறது. அவற்றின் இடத்தை அது எடுத்துக்கொள்வதில்லை.