டெஸ்டர் எரியாத சாக்கெட்

பட்டுக்கோட்டையில் நான் வேலை பழகிய ரீவைண்டிங் கடைக்கு முதல் போர்ட்டபிள் ஜெனரேட்டர் வந்தது 1988ல். அதுவரை எங்களிடம் வந்ததெல்லாம் பம்புசெட் மோட்டார், சீலிங் ஃபேன், மிக்ஸி. ஒரு லைட் செட் கடைக்காரர் சைக்கிள் கேரியரில் சணல் கயிறு போட்டுக் கட்டி அதைக் கொண்டுவந்து இறக்கினார். "இன்ஜின் நல்லா ஓடுது தம்பி. ரெண்டு சாக்கெட்ல ஒண்ணு வேலை செய்யல" என்றார்.

கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து, டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக வைத்துப் பார்த்தேன். எதிலும் எரியவில்லை. "அண்ணே, ரெண்டுமே போச்சு, வைண்டிங் எரிஞ்சிருக்கு" என்றேன். கடை முதலாளியை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் டெஸ்ட் லேம்ப்பை எடுத்துவந்தார். ஹோல்டரில் 100 வாட் பல்ப், அதிலிருந்து இரண்டு வயர், அவ்வளவுதான். இடது சாக்கெட்டின் இரண்டு ஓட்டைகளிலும் வயரைச் சொருகினார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. வலது சாக்கெட்டில் எரியவில்லை.

"டெஸ்டரை நம்பாதே. இது ஈபி கரண்ட் இல்ல" என்றார்.

அன்று அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. ஈபி லைனில் நியூட்ரல் கம்பி டிரான்ஸ்ஃபார்மரிலேயே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் பேஸில் டெஸ்டரை வைத்து அதன் தலையில் விரலை வைத்தால், கரண்ட் நம் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய்ச் சுற்று முடிகிறது, டெஸ்டர் எரிகிறது. கைக்கு அடக்கமான ஜெனரேட்டர்கள் பலவற்றில் வைண்டிங்கின் இரண்டு முனைகளும் எங்கும் கட்டப்படாமல் இருக்கும். மண்ணுக்கும் அவற்றுக்கும் உறவே கிடையாது. டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரியும், அல்லது எதிலுமே எரியாது. பேஸ் எது, நியூட்ரல் எது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இரண்டு முனைக்கும் நடுவில் பல்பையோ மீட்டரையோ போட்டுப் பார்ப்பதுதான் வழி.

இந்த மிஷின்கள் வருவதற்கு முன் எங்கள் பக்கத்து ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் நடப்பார்கள். லைன் எட்டாத ஊரில் டூரிங் டாக்கீஸ் நடத்த ஆயில் இன்ஜினையும் டைனமோவையும் இறக்குவார்கள். ஜப்பானில் ஹோண்டா தன்னுடைய இ300 என்ற 300 வாட் ஜெனரேட்டரை 1965லேயே கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டில் 1985ல் ஸ்ரீராம் ஹோண்டா கம்பெனி தொடங்கப்பட்டு, ருத்ரபூரில் தொழிற்சாலை வந்த பிறகுதான் எங்கள் ஊரைப் போன்ற சிற்றூர்களுக்கு இவை பரவின. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளும் மாடல்கள்தான் அதிகம் ஓடின. கல்யாண ஊர்வலத்தின் வால் பக்கம் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர் புகைந்துகொண்டு வரும். அதிலிருந்து நீளும் வயரில் டியூப் லைட்டைத் தோளில் சாய்த்தபடி இரண்டு வரிசையாக ஆட்கள் நடப்பார்கள்.

வலது சாக்கெட்டுக்கு வருகிறேன். அண்ணன் முதலில் இன்ஜினை நிறுத்தினார், பிறகு ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றினார். இந்த இரண்டும் முடியாமல் பேனலின் ஸ்குரூவில் கை வைக்கக்கூடாது என்பது கடை விதி. உள்ளே இடது சாக்கெட்டிலிருந்து வலது சாக்கெட்டுக்கு ஒரு சிவப்பு வயர் லூப்பாகப் போயிருந்தது. பார்க்க முழுசாக இருந்தது. அவர் அதை விரலால் லேசாக வளைத்தார். ஸ்குரூவிலிருந்து அரை அங்குலத்தில் வயர் துணிபோல மடங்கியது. மேலே ரப்பர் இருக்க, உள்ளே செம்பு அறுந்து கிடந்தது.

முன்பு யாரோ ஒரு வயர்மேன் வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயரை அதில் போட்டிருக்கிறார். சுவருக்குள் அந்தக் கம்பி பல வருஷம் அசையாமல் கிடக்கும். ஜெனரேட்டருக்குள் அது தாங்காது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வேண்டுமென்றால் இரண்டு போல் உள்ள மிஷின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும், அதாவது நொடிக்கு 50. அத்தனை அதிர்வும் அந்தச் செம்பின் கழுத்தில்தான் விழுகிறது. பல இழை வயரை வெட்டி, முனையில் லக் வைத்து அழுத்தி, ஸ்குரூவுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டு அண்ணன் மூடினார். அதன் பிறகு என்னிடம் வந்த "சாக்கெட் செத்த" ஜெனரேட்டர்களில் பெரும்பகுதியில் வைண்டிங்கில் ஒரு குறையும் இருந்ததில்லை. லூசான ஸ்குரூ, கருகிய டெர்மினல், அறுந்த லூப், இவைதான்.

சில மிஷின்கள் மீட்டரில் 230 வோல்ட் காட்டும், ஃபேனைப் போட்டதும் செத்துவிடும். அதற்கும் பெரும்பாலும் கருகிய டெர்மினல்தான் காரணம். ஆகவே லோடு போடாமல் எடுத்த ரீடிங்கை வைத்து நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

மாதக்கணக்கில் மூலையில் கிடந்த மிஷினுக்கு வேறொரு சிக்கல் உண்டு. இன்ஜின் ஓடும், வோல்ட்டேஜ் எழும்பாது. இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காந்தத்தை வைத்தே டைனமோ தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்பதை ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸ் 1866ல் செய்து காட்டினார். அந்த மிச்சக் காந்தம் தீர்ந்துபோனால் எழும்ப வழியில்லை. கார்பன் பிரஷ் வைத்த மிஷினாக இருந்தால் பிரஷ் வயரைக் கழற்றிவிட்டு, பிளஸ் மைனஸ் மாறாமல் 12 வோல்ட் பேட்டரியைச் சில நொடி தொட்டு எடுப்போம். உயிர் வந்துவிடும்.

2008ல் மின்வெட்டு தொடங்கியது. 2012ல் எங்கள் மாவட்டத்தில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஜெராக்ஸ் கடை, சலூன், போட்டோ ஸ்டூடியோ என்று கடைத்தெருவில் வாசலுக்கு ஒரு ஜெனரேட்டரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். வாங்கியவர்களுக்கு இன்ஜின் ஆயில் மாற்றத் தெரிந்தது. வீட்டு வயரிங்கோடு எப்படிச் சேர்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் பிறந்ததுதான் இருபக்கமும் பின் வைத்த வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை வீட்டு பிளக் பாயிண்டில். மெயினை இறக்க மறந்தால் கரண்ட் மீட்டரைத் தாண்டி வெளியே தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வரை போனால் அது தலைகீழாக வேலை செய்து 11,000 வோல்ட் லைனையே உயிர்ப்பித்துவிடும்.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, செல்போனுக்கு சார்ஜ் போட எல்லாம் ஜெனரேட்டர்தான். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் லைன்மேன்கள் வந்து மழையில் நனைந்தபடி வேலை பார்த்தார்கள். ஒருநாள் மாலை எங்கள் தெருவில் ஒரு லைன்மேன் கம்பியைத் தொடும் முன் எர்த் ராடை மாட்டினார். பட்டென்று நெருப்பு பறந்தது. நான்காவது வீட்டில் ஜெனரேட்டர் திணறி நின்றது. இரண்டு போஸ்ட் தள்ளிக் கம்பி அறுந்து கிடந்ததால் அந்தத் துண்டு மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. முழு லைனும் இருந்திருந்தால் தெருவின் லோடுக்கே மிஷின் அப்போதே நின்றிருக்கும். எர்த் ராடு போடாமல் கை வைத்திருந்தால் அந்தப் பையன் அங்கேயே போயிருப்பான். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அந்த வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மெயினை இறக்க மறந்துவிட்டார்.

இருபக்கமும் பின் வைத்த அந்த வயரை அவரிடமிருந்து அன்றே வாங்கித் துண்டுதுண்டாக வெட்டினேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு வயரை யார் கேட்டாலும் நான் செய்து கொடுத்ததில்லை.

வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சை லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து மெயினுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அதுவரை ஃபேனையும் லைட்டையும் ஜெனரேட்டரின் சாக்கெட்டிலேயே நேராகச் சொருகுங்கள். இருபக்கமும் பின் வைத்த வயர் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், இன்றைக்கே எடுத்து வெட்டிப் போடுங்கள்.