காஞ்சிபுரம் வீட்டுத் தோட்டம்

காஞ்சிபுரம் நகரில் நெசவாளர் வீடுகளின் புழக்கடையிலும், இடம் சுருங்கிய பின் மொட்டை மாடியிலும் கீரை, காய், பூ வளர்க்கும் முறை. மண், நீர், மாதம் மூன்றையும் பார்த்துச் செய்வது. மூன்றிலும் மாதமே முதன்மை.

இந்த ஊரை வறண்ட ஊர் என்று சொல்வது பாதி உண்மை. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,200 மி.மீ. மழை பெய்கிறது. கோயம்புத்தூர் நகரின் மழையைப் போல இது ஏறக்குறைய இரு மடங்கு. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் கருத்து இடியோடு வரும் மழையும் கணிசமானது. ஜனவரி பிறந்துவிட்டால் மே முடியும்வரை வானத்தை நம்ப முடியாது. பாலாற்றிலும் வேகவதியிலும் பெரும்பாலான நாட்களில் மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். ஆகவே இங்கே தோட்டக்காரரின் ஆண்டு சித்திரையில் பிறப்பதில்லை, ஆடியில் பிறக்கிறது. பள்ளி விடுமுறை விட்டதும் மே மாதத்தில் நாற்றுப் பண்ணைக்குப் போய்ச் செடி வாங்கி வருவதே இந்த ஊரில் பலர் செய்யும் முதல் தவறு.

ஆடி முதல் தை வரை

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி வயலுக்கு மட்டுமானதல்ல. மாலை மழை மண்ணைக் குளிரவைக்கும் இந்த மாதத்தில் அவரை, புடலை, பீர்க்கு, பாகல், சுரை, பரங்கி எல்லாம் போடலாம். கத்திரி, மிளகாய், தக்காளிக்கு நாற்று விட்டு, 25 முதல் 40 நாளில் பிடுங்கி நடலாம். கத்திரியில் நாட்டு வகை வேண்டுவோர், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள் கத்திரியைத் தேடிப் பார்க்கலாம். மண்ணும் வெயிலும் அங்கும் இங்கும் பெரிதாக மாறுவதில்லை.

அவரைக்குத் தனிக் குணம் உண்டு. நாட்டு அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். மாசியில் விதைத்தவர் கோடை முழுக்கக் கொடியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். ஆடியில் போட்டால் மார்கழியில் பூத்துப் பொங்கல் குழம்புக்குக் காய் தரும். பரங்கியின் கணக்கும் அப்படித்தான். மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையாருக்கு வைக்கும் மஞ்சள் பூ, ஆடி, ஆவணியில் போட்ட கொடியிலிருந்து வருவது. காம்பு மெலிந்த ஆண் பூவைப் பறித்தால் காய்க்குக் குறைவில்லை. மகரந்தத்துக்கு இரண்டு மூன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவைப் பறித்தால் கூட்டு போயிற்று.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குழித்தறியின் குழியில் நீர் ஊறும், தறி நின்றுபோகும். நெசவாளருக்கு அது கூலி போகும் காலம். தோட்டத்துக்கும் அதுவே எச்சரிக்கை: தறிக்குழியில் ஈரம் ஏறினால் பாத்தியிலும் வேர் அழுகத் தொடங்கியிருக்கும். ஆவணிக்குள் பாத்தியை ஒரு சாண் மேடாக்கி, ஓரத்தில் வடிகால் வெட்டிவிட வேண்டும். மாடியில் பையின் அடித்துளைகள் அடைபடாமல் பார்த்தால் போதும்.

மல்லிகைக்குக் கவாத்து செய்வது கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழிக்குள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மற்றதை வெட்டிவிடலாம். வெட்ட மனம் வராதவருக்குப் பங்குனியில் கொடி இருக்கும், மொட்டு இருக்காது. காய்க்கும் மாமரத்துக்கு மார்கழியில் தண்ணீர் நிறுத்துவதும் இதே போன்ற கண்டிப்புதான். சற்று வாடினால்தான் தையில் பூ எடுக்கும். ஏகாம்பரநாதர் கோயில் தலமரமான மாவின் நான்கு கிளைகளும் நான்கு சுவை தரும் என்பது நம்பிக்கை. வீட்டு மரத்தில் அப்படி வேண்டுமென்றால் நான்கு ஒட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மண்ணும் நீரும்

பாலாற்றுப் பக்கத்து மண்ணில் மணல் அதிகம், நீர் நிற்காது. ஏரி வண்டலும் மக்கிய தொழு உரமும் சேர்த்தால் ஈரம் பிடிக்கும். மாடிப் பைகளுக்குத் தென்னை நார்க்கழிவு நல்லதுதான். ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே கலக்க வேண்டும். நனைந்த மண் ஒரு கன அடிக்கு 45 கிலோவுக்குக் குறையாது. தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடித் தோட்டம் ஆசைப்படக்கூடாத ஆசை. ஓட்டு வீட்டுக்காரருக்குப் புழக்கடையே கதி, அது நல்ல கதியும்கூட.

அரிசி களைந்த நீர், பாத்திரம் கழுவும் முன் அலசிய நீர் எல்லாம் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகலாம். நெசவு வீடுகளில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. பட்டு நூலின் பசை நீக்கச் சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்த நீர் காரமானது. அதையும் சாயம் தோய்த்த நீரையும் எந்தச் செடிக்கும் ஊற்றக்கூடாது, மண் இறுகிவிடும்.

கோடை

தையில் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி போடலாம். மாசிக்குப் பிறகு பகல் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ உதிரும். உரம் போட்டுப் பயனில்லை. சித்திரைக் கடைசியில் தொடங்கும் கத்திரி வெயிலில் காய் எதிர்பார்க்காமல் செடியைக் காப்பாற்றினாலே வெற்றி. பாதி நிழல் தரும் வலை, வைக்கோல் மூடாக்கு, விடியற்காலைத் தண்ணீர் போதும். சிமெண்டுத் தரையில் பையை நேராக வைத்தால் அடிவேர் வெந்துவிடும். செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். இந்த மாதங்களில் நம்பிக்கையாகத் தருவது நிழலில் வளர்க்கும் தண்டுக்கீரையும் முருங்கையும்தான். பெரியகுளத்திலிருந்து 1989-இல் வெளிவந்த பி.கே.எம். 1 செடிமுருங்கை நட்ட ஆறாம் மாதமே காய்க்கும். மரம் பெரிதாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடம் இருந்தால் ஒரு மந்தாரை வைக்கலாம். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைப்பது. சுக்கும் மிளகும் வீட்டிலும் போடலாம், அந்த வாசனைக்கு இலை வேண்டும்.

பூச்சி

வெண்டை இலையின் நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்தில்லை, செடியைப் பிடுங்கிவிட வேண்டும். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசலோடு மாலையில் தெளிக்கலாம்.

மாவுப்பூச்சியின் கதை காஞ்சிபுரத்துக்குச் சற்று நெருக்கமானது. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, கொல்லைப் பப்பாளியோடு நிற்காமல் பட்டுப்புழுவின் தீனியான மல்பெரித் தோட்டங்களையும் அழித்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவி அதை அடக்கியது. வெள்ளைப் பஞ்சு போலப் படிந்ததைக் கண்டவுடன் கடும் மருந்து அடிப்பவர் அந்தக் குளவியையும் சேர்த்துக் கொல்கிறார். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதும், மாவுப்பூச்சியைச் சுமந்து திரியும் எறும்பின் தடத்தை அழிப்பதும் போதும்.