ஆறு வயதுக்கு முன்னால்: அங்கன்வாடியின் வரலாறும் தராசு காணாத குழந்தைகளும்

நான் படித்தது வந்தவாசிப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைதான். 1978இல் மாமாவின் மளிகைக் கடைக்குத் துணையாகத் தாராவிக்கு வந்தவன். சட்டமும் சரித்திரமும் கடையை அடைத்த பிறகு நானாகப் படித்தவை. கட்டுரை கேட்ட மலர்க்குழு நண்பர்கள் வழக்கம்போல் நயினார் சமண நூல் எதைப் பற்றியாவது எழுதுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை பள்ளி வயது வராத குழந்தைக்கு, அதிலும் உடற்குறையோடு பிறந்த குழந்தைக்கு, நம் அரசு செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதுகிறேன். காரணத்தை இடையில் சொல்வேன்.

முற்றத்தில் பிறந்த பள்ளி

மும்பைக்கு வடக்கே குஜராத் எல்லையை ஒட்டிய கடலோர ஊர் போர்டி. தாராபாய் மோடக் (1892-1973) என்னும் அம்மையார் 1945இல் அங்கே கிராமக் குழந்தைகளுக்கான கல்வி மையத்தைத் தொடங்கினார். பாவ்நகரில் 1920இல் பாலமந்திர் கண்ட கிஜுபாய் பதேகாவோடு பணியாற்றியவர் அவர். மாண்டிசோரி முறையில் தேர்ந்தவர். ஆனால் அந்த முறைக்கு வேண்டிய விலையுயர்ந்த சாமான்களுக்குக் கிராமத்தில் எங்கே போவது? கூழாங்கல், விதை, கிளிஞ்சல் ஆகியவற்றைக் கொண்டே பாடம் நடத்தினார். உடனிருந்து உழைத்தவர் அனுதாய் வாக்.

தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி, பிள்ளை வராவிட்டால் பள்ளி போகட்டும் என்று அவர்களுடைய வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார் தாராபாய். மராத்தியில் 'அங்கண்' என்றால் முற்றம், 'வாடி' என்றால் தோட்டம் அல்லது குடியிருப்பு. அங்கன்வாடி என்ற பெயர் இப்படி வந்ததுதான். 1957இல் இந்தப் பணி வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்கு மாறியது.

தமிழிலும் அங்கணம் என்ற சொல் உண்டு. அகராதிகள் அதற்கு முற்றம் என்றும் சாக்கடை என்றும் இரு பொருள் தருகின்றன. தாராவியில் சாக்கடை ஓரத்து ஒற்றை அறையில் இருபது முப்பது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அங்கன்வாடியைப் பார்த்தபோது, இரண்டு பொருளும் இங்கே பொருந்திவிட்டதே என்று நினைத்துக்கொள்வேன்.

33 இடங்களில் தாராவியும் ஒன்று

1974இல் மத்திய அரசு குழந்தைகளுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. மறு ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில், 4,891 அங்கன்வாடிகளோடு தொடங்கியது. மராட்டியத்தில் முதலில் தேர்ந்த இடங்களில் பழங்குடிப் பகுதியான தார்ணியும், நம்மவர் நிறைந்த தாராவியும் உண்டு.

திட்டத்தின் சேவைகள் ஆறு. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மார்க்குச் சுகாதார அறிவு. எங்கள் சமயத்தில் தானம் நான்கு என்பார்கள்: அன்னம், ஔஷதம், சாஸ்திரம், அபயம். அதாவது உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். அரசு முதல் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது உண்மையிலேயே பெரிய காரியம். அந்தக் காலத்தில் இத்தகைய திட்டம் வேறு எத்தனை நாட்டில் இருந்திருக்கும்!

ஆனால் நடைமுறையில் அன்னமே முன்னால் நின்றது. பசி தலைவிரித்தாடிய நாட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. மாதந்தோறும் குழந்தையை எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். புள்ளி கீழே இறங்கினால் கவலை, மேலே ஏறினால் நிம்மதி.

தராசும் என் மகளும்

இனி என் காரணம். என் மூத்த மகள் 1987இல் பிறந்தாள். மூன்று வயதில் கடைக்குப் பின்புறத்து அங்கன்வாடிக்குப் போனாள். அட்டையில் அவள் புள்ளி எப்போதும் மேல்கோட்டில்தான். "உங்க பொண்ணுதான் இங்க நல்லா வளர்ற குழந்தை" என்று அந்த அம்மா பெருமையாகச் சொல்லுவாங்க. பேச்சு மட்டும் வரவில்லை. டாக்டர் ஒருவர், "சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் பேச்சு வரும், பொறுங்க" என்றார். பள்ளியில் கேட்டால், "ஆறு வயசு ஆகட்டும், பார்க்கலாம்" என்றார்கள். நாங்களும் பொறுத்தோம்.

ஐந்தாவது வயதில், தீபாவளியன்று, பின்னால் சரவெடி வெடித்தபோது அவள் திரும்பவே இல்லை. அப்போதுதான் புரிந்தது.

காது கேளாதோருக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983இலேயே பாந்த்ராவில் தொடங்கப்பட்டிருந்தது. தாராவிக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே சோதித்துக் காதுக் கருவி பொருத்தினோம். 'அம்மா' என்று அவள் முதன்முதலாகச் சொன்னது ஆறாம் வயதில். இன்று என் கடைக் கணக்கைக் கணினியில் பார்ப்பவள் அவள்தான். ஆனாலும் மொழி பதியும் முதல் மூன்று ஆண்டுகள் போனவை போனவைதான்.

அங்கன்வாடியும் அரசுடையது, அந்த நிறுவனமும் அரசுடையது. இரண்டுக்கும் நடுவே வழிதான் இல்லை. அந்த அம்மாவை நான் ஒருநாளும் நொந்துகொண்டதில்லை. தராசு கொடுத்த அரசு, காதைச் சோதிக்க அவருக்குச் சொல்லித்தரவில்லை. நானும் தராசு பிடிக்கிறவன்தான். எடை சரியாக இருந்தால் சரக்கு சரி என்று நம்பிவிட்டேன்.

ஆறு என்னும் கோடு

பிறகுதான் சட்டப் புத்தகங்களைத் தேடினேன். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, 14 வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. தொடக்க வயது என்று எதையும் குறிக்கவில்லை. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது, ஆனால் 6 முதல் 14 வயதுவரை மட்டும். ஆறுக்குக் கீழே உள்ளவர்கள் 'அரசு முயலும்' என்ற வரியிலேயே நின்றார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது. 'செய்ய வேண்டும்' என்று சொல்லவில்லை. கடன் பத்திரத்தில் 'தரலாம்' என்று எழுதினால் எந்த வியாபாரி வாங்குவான்?

மாற்றுத்திறனாளிக் குழந்தை விஷயத்திலும் இதே கதை. 1995ஆம் ஆண்டுச் சட்டம், ஊனமுற்ற குழந்தைக்கு 18 வயது நிறையும்வரை இலவசக் கல்வி என்றது. கீழ்வரம்பு இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பல வகையில் விரிவானது, நல்லது. ஆனால் அதன் 31ஆவது பிரிவு இலவசக் கல்வியை 6 முதல் 18 வயதுவரை என்று எழுதிவிட்டது. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்பது இரு சட்டங்களிலும் உண்டு. என் மகள் போன்றவர்களுக்கு உயிரான வரி அதுதான்.

மீண்டும் அதே மண்ணில்

2013 பிப்ரவரி 6ஆம் நாள் தேசியக் குழந்தைநலப் பரிசோதனைத் திட்டம் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. கோஸ்பாட் குன்று இன்று அந்தப் பால்கர் மாவட்டத்தில்தான் இருக்கிறது! பிறப்பு முதல் 18 வயதுவரை 30 வகைக் குறைகளைக் கண்டறிய மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரவேண்டும் என்பது ஏற்பாடு. காது கேளாமையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2023 நவம்பரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையும் வந்தது. குறையை அடையாளம் காணவும், அந்தக் குழந்தையை மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைக்கவும், உரிய இடத்துக்கு அனுப்பவும் ஊழியருக்கு வழிகாட்டுவது அது.

அங்கன்வாடி தொடங்கி 48 ஆண்டு கழித்து வந்த நெறிமுறை. வராமல் போகாமல் வந்ததே என்று மகிழலாம். ஆனால் இதைச் செய்ய வேண்டியவர் அதே அங்கன்வாடி அம்மாதான். அவருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, மதிப்பூதியம். அவருக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கம் நடத்தும் கண் பரிசோதனை முகாமோடு, கைக்குழந்தைகளுக்குக் காது பரிசோதனையும் சேரட்டும். பிறந்த மாதத்திலேயே சோதித்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். உங்கள் பகுதி அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது என்று ஒருமுறை போய்க் கேளுங்கள். யாராவது "பொறுங்க" என்றால் மட்டும் பொறுக்காதீர்கள். நாங்கள் பொறுத்தோம்.