மூன்றாமவர் முன்னிலை: கைதுச் சட்டத்தின் அடிப்படைத் தத்துவம் பற்றி ஓர் ஆய்வு

காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று, ‘ஒரு விசாரணை இருக்கிறது, ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டுப் போங்கள்’ என்று அழைக்கும் நேரத்துக்கும், அவ்வாறு அழைக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் நிறுத்தப்படும் நேரத்துக்கும் இடைப்பட்ட சில மணிப்பொழுதுதான், ஒரு சுதந்திர நாட்டின் பிரஜைக்கும் அந்நாட்டு அரசாங்கத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகக் கடுமையாகப் பரீட்சிக்கப்படும் காலமாகும். அந்தக் காலத்தில் தமக்குரிய உரிமைகள் எவை என்பதைச் சாமானிய மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்று பலரும் கூறிவருகிறார்கள். ஆயினும் அவ்வறிவு என்பது சட்டப் பிரிவுகளின் எண்களை மனப்பாடம் செய்வதே என்ற எண்ணம் பரவியிருப்பதால், சட்டம் படித்தவர்களுக்கு அது தேவையற்றதாகவும், படிக்காதவர்களுக்கு எட்டாததாகவும் ஆகிவிடுகிறது. இந்தியக் கைதுச் சட்டத்தின் விதிகள் பலவாயினும் அவற்றை ஊடுருவி நிற்கும் தத்துவம் ஒன்றே என்பதும், அதிகாரம் உடையவனையும் இல்லாதவனையும் சாட்சியின்றித் தனித்திருக்க விடலாகாது என்பதே அத்தத்துவம் என்பதும், அதை மக்களுக்கு உணர்த்தும் கடமை முதன்மையாக அரசையே சாரும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

சரித்திர மூலம்

இத்தத்துவம் எவ்வளவு துன்பத்தினின்று பிறந்தது என்பதை அறியச் சென்னை மாகாணத்தின் சரித்திரத்தையே நோக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், நிலவரி வசூலிக்கும் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் முதலிய அதே உத்தியோகஸ்தர்களின் கையில் குவிந்திருந்தன. வரி கொடாத குடியானவனும் குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரே கச்சேரியில் ஒரே சேவகர்களால் வதைக்கப்பட்டனர். இதைப்பற்றி விசாரிக்க நியமிக்கப்பட்டு 1855-இல் அறிக்கை அளித்த சித்திரவதை விசாரணைக் கமிஷன், விரல்களை மரச்சட்டங்களுக்கு இடையே வைத்து நெரிக்கும் கிட்டி, உடலைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகிய தண்டனைகளை அவற்றின் தமிழ்ப் பெயர்களாலேயே பதிவு செய்தது. வதைபட்டவன் முறையிடுவதற்கு வழியின்றி நின்றான் என்பதையும் அக்கமிஷன் எடுத்துக்காட்டியது. நீதி வழங்க வல்ல அதிகாரி நெடுந்தூரத்தில் இருந்தார், அங்கே செல்லக் குடியானவனிடம் பொருள் இல்லை, வதைத்தவனோ அவன் ஊரிலேயே அதிகாரத்தோடு இருந்தான். கிட்டியின் பலம் மரச்சட்டத்தில் மட்டும் இருக்கவில்லை. பார்த்துக் கேட்க மூன்றாவது மனிதர் ஒருவரும் இல்லாமையிலும் இருந்தது.

இதன் பின்னர், சென்னை மாகாணத்தில் 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிப் போலீஸ் இலாகா அமைக்கப்பட்டது. போலீஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை வழக்கில் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்ற விதி 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தோன்றி, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்று, இன்று பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவாக நிலைத்திருக்கிறது. காவலில் உள்ளவர் ஒப்புக்கொண்டது செல்ல வேண்டுமானால், மாஜிஸ்திரேட்டு ஒருவரின் முன்னிலையில் அது நிகழ்ந்திருக்க வேண்டும் என்று அவ்விதி கூறுவதில், அந்நிய ஆட்சியும் ஏற்க நேர்ந்த மூன்றாமவர் தத்துவம் வெளிப்படையாகக் காணப்படுகிறது.

அரசியல் நிர்ணய சபை, தனிமனித சுதந்திரம் பற்றிய விதியில் உரிய சட்ட நெறிமுறை என்ற தொடரைக் கைவிட்டதனால் எழுந்த அதிருப்திக்குப் பரிகாரமாக, டாக்டர் அம்பேத்கர் 1949 செப்டம்பர் 15-ஆம் தேதி கொண்டுவந்த விதியே இன்றைய 22-ஆவது ஷரத்தாகும். கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அவருக்கு உரிமை உண்டு. பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவர் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட வேண்டும். வழக்கறிஞர், மாஜிஸ்திரேட்டு என்னும் இரு மூன்றாமவர்களை அரசியல் சட்டமே காவல் அறையின் வாசலில் நிறுத்திவிட்டது.

சாட்சிகளின் வரிசை

எனினும் அந்த 24 மணி நேரத்தின் உள்ளே நிகழ்வதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. காவல் மரணங்களைப் பற்றி மேற்கு வங்கத்திலிருந்து 1986-இல் எழுதப்பட்ட கடிதம் ஒன்றையே ரிட் மனுவாக ஏற்று, டி. கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த 11 கட்டளைகள், பின்னர்ப் பெரும்பாலும் சட்டமாகவே இயற்றப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இடம்பெற்றுள்ளன. கைது செய்பவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று அவ்விடத்திலேயே எழுதப்பட்டு, குடும்பத்தார் ஒருவரோ அவ்வூரின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட, கைதானவரும் அதில் கையெழுத்திட வேண்டும். அவர் பெயர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ, கைதான செய்தியும் வைக்கப்பட்டிருக்கும் இடமும் உடனே அறிவிக்கப்பட வேண்டும்; அவ்வாறு அறிவிக்கப்பட்டதா என்று உறுதி செய்துகொள்வது மாஜிஸ்திரேட்டின் கடமை. டாக்டர் பரிசோதித்து, உடலிலுள்ள காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுதி, அவ்வறிக்கையின் நகலைக் கைதானவரிடமே கொடுக்க வேண்டும். சாட்சி, உறவினர், டாக்டர், வழக்கறிஞர், மாஜிஸ்திரேட்டு என்று ஒருவர்பின் ஒருவராக வரும் இவ்வைவரையும் நினைவில் வைத்திருப்பவர் பிரிவு எண் ஒன்றும் அறியாராயினும், கைதுச் சட்டத்தின் சாரத்தை அறிந்தவரே ஆவார்.

கைதுக்கு முந்திய நிலையிலும் இதே நோக்கம் தொடர்கிறது. சாட்சியாக விசாரிக்கப்பட வேண்டிய பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்களையும், கடும் நோயுற்றோரையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வெளியே வரும்படி கட்டாயப்படுத்தலாகாது என்ற விதி, விசாரணையைக் குடும்பத்தாரின் கண்முன் நிகழச் செய்கிறது. சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்னும் பெண்களைக் கைது செய்வது அசாதாரணமான சந்தர்ப்பங்களில், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்று, பெண் காவல் அதிகாரியாலேயே செய்யத்தக்கது. விசாரணையின்போது போலீசார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்திட வேண்டியதில்லை என்பதைப் பெரும்பாலோர் அறியார். ‘இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ’ என்று ரைட்டர் நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது, அது கைதுக் குறிப்பா, வாக்குமூலமா, ஒன்றும் எழுதாத வெற்றுத் தாளா என்று கேட்கும் தைரியமே பலருடைய விதியை நிர்ணயித்துவிடுகிறது.

மௌனமும் துணையும்

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் 20-ஆவது ஷரத்தின் 3-ஆம் உட்பிரிவு, நீதிமன்றக் கூண்டில் நிற்பவருக்கு மட்டுமன்றிப் போலீஸ் விசாரணையில் இருப்பவருக்கும் பொருந்தும் என்று 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். உண்மை சொல்லக் கடமைப்பட்டவரும், தம்மைக் குற்றத்துக்கு உள்ளாக்கும் கேள்விக்கு விடை தர மறுக்கலாம். ஆனால் அவ்வழக்கைத் தொடுத்தவர் ஒரிசாவின் முதலமைச்சராக இருந்தவர் என்பதையும், எழுத்தில் கொடுக்கப்பட்ட வினாக்களுக்கே அவர் விடையளிக்க மறுத்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. எழுத வாசிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி ஒருவர், நான்கு பேர் சூழ நிற்கும் அறையில், அதே மௌனத்தை எத்தனை நிமிஷம் காக்க முடியும்? மௌனம் சாதிக்கும் உரிமை துணையில்லாதவனிடத்தில் பெயரளவில் நின்றுவிடும் என்பதை உணர்ந்தே, விசாரணையின்போது வழக்கறிஞரின் முன்னிலையை அத்தீர்ப்பு வற்புறுத்திற்று. இன்றைய சட்டமோ, விசாரணை முழுவதிலும் இல்லாவிடினும் இடையிடையே வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை மாத்திரம் அளித்து அத்துடன் நின்றுவிட்டது. இது குறையே என்பது என் அபிப்பிராயம்.

எதிர்வாதங்கள்

இவ்வறிவு பரவினால் குற்றவாளிகள் தப்பிவிடுவர் என்பாரும் உளர். தொழில்முறைக் குற்றவாளி தன் உரிமைகளை ஏற்கெனவே அறிந்திருக்கிறான். அறியாதவர் முதன்முறையாகக் காவல் நிலையத்தில் கால் வைப்பவரே. அடித்துப் பெற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ஆதலின் தடயங்களைத் தேடி உழைக்கும் நேர்மையான அதிகாரி மூன்றாமவரின் வருகையால் இழப்பது ஒன்றுமில்லை. சொல்லப்போனால், பொய்க் குற்றச்சாட்டினின்று அவரையும் காப்பது அந்தச் சாட்சியே. ஒப்புதலின் மூலம் பொருள் ஒன்று கண்டெடுக்கப்பட்டால், அதற்குச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியமாகும் என்ற விலக்கு இன்னும் இருப்பது, பலாத்காரத்தின் மீதுள்ள ஆசை முற்றும் அறாமல் இருப்பதற்கு ஒரு காரணம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இதனினும் வலிய எதிர்வாதம், உரிமைகளை அறிந்திருந்தும் பயன் என்ன என்பதே. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்ததாகக் கைதான தந்தையும் மகனும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தனர். மருத்துவச் சான்று, ரிமாண்டு உத்தரவு ஆகிய இரண்டும் அவர்கள் சிறைக்கு அனுப்பப்படுமுன் பெறப்பட்டிருந்தன. டாக்டரும் மாஜிஸ்திரேட்டும் காகிதத்தில் இருந்தனர். கைதானவர்களின் உடலை உற்றுநோக்கிக் கேள்வி கேட்கும் மூன்றாமவர்களாக அவர்கள் இருக்கவில்லை. பின்னர் விசாரணை நடத்திய மாஜிஸ்திரேட்டிடம், அந்நிலையத்திலேயே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதைச் சொன்னபோதுதான் அந்த இரவு வெளிச்சத்துக்கு வந்தது. உரிமைகள் பயனற்றவை என்பதை இச்சம்பவம் நிரூபிக்கவில்லை. சாட்சியாக நியமிக்கப்பட்டவர் சாட்சியாக நடக்காவிடில் உரிமை வெறும் படிவமாகிவிடும் என்பதையே நிரூபிக்கிறது.

எஞ்சும் இருளும் அரசின் கடமையும்

சட்டமே மூன்றாமவரை விலக்கிவைக்கும் இடங்களும் உண்டு. மேற்சொன்ன பாதுகாப்புகள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டோருக்குப் பொருந்தா என்று 22-ஆவது ஷரத்தே விலக்குகிறது. அரசியல் சட்டம் அமலுக்கு வந்த 1950-ஆம் ஆண்டிலேயே, சென்னை மாகாணச் சிறையிலிருந்து ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கு அவ்விலக்கின் கடுமையை உணர்த்திற்று. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என வழங்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் காவலில் வைக்கப்படுவோரின் நிலையும் அதுவே. மேலும், ரிமாண்டின் முதல் 15 நாட்களுக்குள் மட்டுமே போலீஸ் காவல் கோரலாம் என்றிருந்த நிலை மாறி, அந்த 15 நாட்களை முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பகுதி பகுதியாகவும் பெறலாம் என்று புதிய சட்டம் இடமளிப்பதால், சிறைக்குச் சென்றவர் மீண்டும் காவல் நிலையத்துக்குத் திரும்பும் அச்சம் நீள்கிறது. மூன்றாமவரின் பார்வையும் அவ்வளவு நாள் நீள வேண்டியதாகிறது.

ஆகவே அறிவிக்கும் பொறுப்பைத் துன்புறுவோரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. காவலில் உள்ள ஒவ்வொருவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டென்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பாகல்பூரில் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட வழக்கில், அவ்வுரிமையை எடுத்துச் சொல்லும் கடமை மாஜிஸ்திரேட்டுக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே தீர்ப்பளித்தது. கைதின் காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 நவம்பரில் விதித்தது. சொல்லப்படாத உரிமை கொடுக்கப்படாத உரிமையே என்ற கொள்கை இத்தீர்ப்புகளின் அடியில் இருக்கிறது.

அக்கொள்கையை முழுமையாக நிறைவேற்ற மூன்று காரியங்கள் அவசியம். ரிமாண்டு கோரப்படும் ஒவ்வொரு சமயத்திலும் மாஜிஸ்திரேட்டு, போலீசாரைச் சற்று விலகி நிற்கச் செய்து, எப்பொழுது பிடித்தார்கள், யாருக்குச் சொன்னார்கள், உடம்பில் வலி உண்டா என்று தமிழிலேயே கேட்டு விடைகளை எழுத வேண்டும். காவல் நிலையத்தின் வாசலில், மேற்சொன்ன ஐவரைப் பற்றிய அறிவிப்பும், சட்ட உதவிக்குரிய 15100 என்ற தொலைபேசி எண்ணும் எல்லோரும் வாசிக்கத்தக்க எழுத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அடிப்படை உரிமைகளைப் போதிக்கும் ஆசிரியர், 22-ஆவது ஷரத்தைத் தேர்வுக்குரிய விடையாக அல்லாமல், நாளை தம் மாணவனின் தகப்பனாருக்கு நேரக்கூடிய ஒரு சந்தர்ப்பமாக எடுத்துரைக்க வேண்டும். போலீஸ் அதிகாரத்துக்கு மக்கள் பணிவது அச்சத்தினாலா, அவ்வதிகாரம் கண்காணிக்கப்படுகிறது என்ற நம்பிக்கையினாலா என்பதே குடியரசுக்கும் கம்பெனி ஆட்சிக்கும் உள்ள வித்தியாசமாகும். அவ்வித்தியாசத்தைக் காப்பது, தமக்கு அளிக்கப்பட்ட இடத்தில் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கும் ஒவ்வொரு சாட்சியின், டாக்டரின், வழக்கறிஞரின், நீதிபதியின் தர்மமாகும்.