ஆற்றோடு முடிந்துபோன நாடு

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவுக்குக் கடற்கரை நீங்கலாக எல்லாப் பக்கமும் செனகல்தான். நடுவே ஓர் ஆறு, இரு கரையிலும் ஒடுங்கிய நிலம். பீரங்கிக் குண்டு பாயும் தூரத்தை வைத்து எல்லை குறித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையில் அது 1889இல் பிரிட்டனும் பிரான்சும் பேசி முடித்த பேரம். கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் என்பது அதன் கணக்கு. கப்பல்கள் உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் போகக்கூடிய ஆறு என்பதால்தான் அதற்கு இத்தனை மதிப்பு. இன்று குந்தா கிந்தே எனப்படும் தீவில் 1651இல் எழுந்த கோட்டை, பின்னர் அடிமை வணிகத்துக்கு உதவியது. பிரிட்டன் 1807இல் அவ்வணிகத்தைத் தடைசெய்த பிறகு, அதைக் கண்காணிக்க 1816இல் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைத்த ஊரே இன்றைய தலைநகர் பான்ஜுல். அடுத்து அதே நீர்வழியில் நிலக்கடலை போனது.

வணிகம் ஆற்றைச் சார்ந்திருந்தபோது எல்லையும் ஆற்றை ஒட்டி அமைவது இயல்புதானே என்று கேட்கலாம். ஆனால் ஆற்றின் பயன் அதன் கரையில் இல்லை, கரைக்கு அப்பால் விரிந்த நிலத்தில் இருந்தது. எல்லை அந்த நிலத்தைப் பிரான்சிடம் விட்டது. செனகலின் நிலக்கடலை ரயிலேறி வேறு துறைமுகங்களுக்குப் போனது. இரு பக்கமும் வாழும் மண்டிங்கா, வொலோஃப் மக்களை அரசுகள் பிரித்தன. இரு நாடுகளையும் இணைக்க 1982இல் உருவான செனகாம்பியா கூட்டமைப்பும் 1989இல் கலைந்தது. ஃபராஃபென்னி அருகே ஆற்றின் குறுக்கே பாலம் திறந்தது 2019இல்தான். காம்பியாவுக்குச் செல்பவர்கள் கடற்கரை விடுதிகளோடு நின்றுவிடாமல் ஆற்றின் வழியே உள்ளே போக வேண்டும். அந்நாட்டின் வரலாறு அங்கேதான் இருக்கிறது.