சிங்கப்பூர்க் குடியரசின் தொடக்க ஆண்டுகள்

மலேசியாவிலிருந்து பிரிந்த 1965 ஆகஸ்ட் 9 முதல் 1970களின் முற்பகுதி வரையிலான காலமே சிங்கப்பூர்க் குடியரசின் தொடக்க ஆண்டுகள். அப்போது தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சம். வேலையின்மை 9 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் இடம் கிடைத்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் நாட்டைக் குடியரசாக்கியது. யூசோஃப் இஸ்ஹாக் முதல் அதிபரானார். இக்காலத்தின் பொருளியலையும் வெளியுறவையும் தனித்தனியே பேசும் வழக்கம் உண்டு. அப்படிப் பிரித்தால் அரசு ஏன் அந்த வடிவம் எடுத்தது என்பது விளங்காது. ராணுவம், தொழிலாளர் சட்டம், குடியுரிமை ஆகிய மூன்றும் வெளியிலிருந்து வந்த நெருக்கடியின் அழுத்தத்தில் இறுகின. நெருக்கடி நீங்கியபோது அவை அதே அளவுக்குத் தளரவில்லை.

முதல் அழுத்தம் இந்தோனேசியாவிலிருந்து வந்தது. மலேசியா உருவானதை எதிர்த்து அதிபர் சுகர்னோ நடத்திய ‘கொன்ஃப்ரொன்டாசி’ மோதலில், 1963இல் இந்தோனேசிய வணிகம் அறுந்தது. இடைத்தரகு வாணிகத்தை நம்பிய துறைமுகத்துக்கு அது பேரிழப்பு. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலையின் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் வெடித்த குண்டு மூவரைக் கொன்றது. மோதல் 1966 ஆகஸ்டில்தான் முடிந்தது. பிரிவினையின்போது சிங்கப்பூருக்கு இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். நிதி அமைச்சராக இருந்த கோ கெங் சுவீ தற்காப்புப் பொறுப்பை ஏற்று, இஸ்ரேலிய ஆலோசகர்களின் துணையோடு படையைக் கட்டினார். 1967இல் தேசிய சேவை கட்டாயமானது. அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்த வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம் பேங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இளம் அமெரிக்கக் குடியரசு தன் பழைய எஜமானரான பிரிட்டனுடன் 1812இல் மீண்டும் போரிட்டது. சிங்கப்பூரின் நிலை நேர்மாறானது: பழைய எஜமானர் போய்விடுவார் என்பதே அதன் அச்சம்.

அந்த அச்சம் 1968 ஜனவரியில் மெய்யானது. 1971க்குள் படைகளைத் திரும்பப் பெறுவதாகப் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அறிவித்தார். பிரிட்டிஷ் தளங்கள் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தந்தன. பல்லாயிரம் பேர் அவற்றை நம்பி வாழ்ந்தனர். பிறகு நடந்தவை எல்லாம் சில மாதங்களுக்குள். ஏப்ரல் பொதுத் தேர்தலை எதிர்க்கட்சியான பாரிசான் சோசலிஸ் புறக்கணிக்க, ஆளும் மக்கள் செயல் கட்சி 58 இடங்களையும் வென்றது. ஜூரோங் நகராண்மைக் கழகம், வளர்ச்சி வங்கி, செம்பவாங் கப்பல் பட்டறை ஆகியவை அவ்வாண்டே தோன்றின. வேலை நியமனச் சட்டம் வேலை நேரத்தையும் சலுகைகளையும் வரையறுத்தது. தொழில் உறவுச் சட்டத் திருத்தம் ஆள் சேர்ப்பு, இடமாற்றம், பணிநீக்கம் ஆகியவற்றைத் தொழிற்சங்கப் பேரத்திலிருந்து விலக்கியது. சுதந்திரம் பிறந்தது 1965இல் என்றாலும், அதன் ஆட்சிமுறை பிறந்தது 1968இல் என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொருளியல் வளர்ச்சிக் கழகமும் ஜூரோங் தொழிற்பேட்டையும் 1961இலேயே தொடங்கின. டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸின் அறிக்கை அவற்றுக்கு முன்னோடி. எனவே மோதல்கள் இல்லாமலும் வளர்ச்சி வந்திருக்கும் என்பது வாதம். ஆனால் அந்தத் திட்டங்கள் மலேசியப் பொதுச் சந்தையைக் கணக்கில் கொண்டவை. சந்தை கைநழுவிய பிறகே உலக ஏற்றுமதிக்கான பன்னாட்டு ஆலைகள் மைய இலக்காயின; அவற்றை ஈர்க்கக் கட்டுப்பாடான உழைப்பு தேவை என்று அரசு முடிவு செய்தது. வியட்நாம் போர்க்கால வணிகமும் கைகொடுத்தது என்பது உண்மை. அதுவும் வெளிநாட்டு மோதல்தானே.

அழுத்தத்தின் விலை எல்லார் மீதும் சமமாக விழவில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் உழைத்தனர். புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் அத்தளத் தொழிலாளர்கள் எழுப்பியதே. 1957 குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ‘தமிழ் முரசு’ நிறுவனர் கோ. சாரங்கபாணி குடிமக்களாகப் பதிந்துகொள்ளும்படி தமிழரை வலியுறுத்தினார். அதன் அருமை தளங்கள் மூடப்பட்டபோது தெரிந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு 1965 முதல் வேலை அனுமதி கட்டாயம். அவர்களில் பலர் பல்லாண்டு உழைப்புக்குப் பின் இந்தியா திரும்பினர். தேக்காவின் கடைகளும் சிராங்கூன் சாலையும் தங்கிவிட்டவர்களின் கதையைச் சொல்கின்றன. குடியரசின் வரலாற்றில் போனவர்களுக்கும் இடம் வேண்டும்.

இவ்வளவு கடுமை தேவைப்பட்டதா? 1968இன் வேகத்தை நியாயப்படுத்தலாம்; ஆபத்து கற்பனையல்ல. ஆனால் 1970களின் முற்பகுதியில் வேலையின்மை போய் ஆள் பற்றாக்குறையே வந்துவிட்டது. மெக்டொனால்ட் ஹவுஸ் குண்டுவெடிப்புக்காக 1968 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட இரு இந்தோனேசியக் கடற்படை வீரர்களின் கல்லறையில் 1973இல் பிரதமர் லீ குவான் இயூ மலர் தூவியதும் உறவு சீரானது. ஆபத்து இவ்வளவு குறைந்த பிறகும் தொழிற்சங்கங்களுக்கு 1968இல் இழந்த பேர உரிமை மீளவில்லை. 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்தினம் வெல்லும்வரை நாடாளுமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரும் இல்லை.